இரண்டாம் பகுதி நிலுவையில்

தொழில் துறையில் துணைச் செயலாளராக இருந்தவளுக்கு அலுவலகத்தில் 'கத்தரி மேடம்' என்று பட்டப்பெயர். எந்த விதிமுறையைக் கையில் கொடுத்தாலும், இது எதற்கு, இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டு வெட்டத் தொடங்கிவிடுவாள். "மேடம், என் இன்க்ரிமென்ட்ட மட்டும் வெட்டிறாதீங்க" என்று சக ஊழியர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள்.

அந்த வேகம் அவளுக்கு வந்தது தம்பியால். மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து அவன் சலவைத் தொழிற்கூடம் நடத்தினான். நோயாளிகளின் படுக்கை விரிப்புகளை நீராவியில் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் வேலை. அதற்கு ஒரு பாய்லர், அந்தப் பாய்லருக்கு ஓர் அரசு ஆய்வாளர். அவர் பாய்லர் பக்கமே போகமாட்டார். வாசலில் நின்று "அப்பா, என்ன சூடு" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். அவர் வீட்டுத் திரைச்சீலைகள்கூடத் தம்பியிடம்தான் இலவசமாக வெளுத்தன. ஒருமுறை அவருடைய சட்டை ஒன்று தீய்ந்துபோயிற்று. மறுநாளே பாய்லர் பாதுகாப்பாக இல்லை என்று சீல் வைத்துவிட்டார்.

ஒரு மாதம் கூடம் மூடிக் கிடந்தது. ஆய்வாளர் அலுவலகத்துப் பெஞ்சில் தம்பி தினமும் போய் உட்கார்ந்தான். "நான் ஒரு போன் போடட்டுமாடா?" என்று அவள் கேட்டாள்.

"வேணாம்க்கா. எனக்காகப் பேசினா உனக்குத்தான் கெட்ட பேரு. பண்றதுன்னா எல்லாருக்கும் சேத்து ஒரு வழி பண்ணு."

அவள் வழி பண்ணினாள். இரண்டு பகுதிகளாக ஒரு திட்டம் எழுதினாள். முதல் பகுதிப்படி, மாதாந்தர ஆய்வுகள் ஒழிந்துவிடும். இயந்திரங்கள் சரியாக இருப்பதாக உரிமையாளரே உறுதிமொழி கொடுத்தால் போதும். இரண்டாம் பகுதிப்படி, படித்த பொறியாளர்கள் கொண்ட ஒரு சிறு குழு, சொல்லாமல் கொள்ளாமல் எந்தக் கூடத்துக்குள்ளும் நுழைந்து பார்க்கும். எந்தக் கூடம் என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கவேண்டும். யாருக்கும் யாரும் பழக்கமாகிவிடக் கூடாது.

செயலாளர் படித்துப் பார்த்துப் பாராட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"முதல் பகுதிக்கு எந்தச் செலவும் இல்ல. நாளைக்கே ஆணை போட்டுடலாம். ரெண்டாவதுக்கு ஆள் எடுக்கணும், வண்டி வாங்கணும். நிதித்துறைக்குப் போனா அங்க ஊறப் போட்டுடுவாங்க. இப்போ முதலாவத வெளியிடுவோம், ரெண்டாவது பின்னாலயே வரட்டும்."

"ரெண்டும் சேந்து வந்தாத்தான் சார் அர்த்தம்."

"சேந்து வரணும்னா ரெண்டுமே வராதும்மா. இத்தனை வருஷ சர்வீஸ்ல இதுகூடத் தெரியலையா?"

தம்பி உட்கார்ந்த பெஞ்ச் அவள் நினைவுக்கு வந்தது. சரி என்றாள்.

ஆணை வந்ததும் ஊரே மூச்சுவிட்டதுபோல் இருந்தது. பூட்டிக் கிடந்த பட்டறைகள் திறந்தன. புதிதாகச் சாயக்கூடம், அச்சகம், ரொட்டிக்கூடம் என்று ஆரம்பித்தவர்கள் அவளைத் தேடிவந்து நன்றி சொன்னார்கள். தம்பி இன்னொரு மருத்துவமனையின் வேலையையும் பிடித்தான். ஒருநாள் அவள் கூடத்துக்குப் போனபோது ஈர விரிப்புகள் மலைபோல் குவிந்திருந்தன. பாய்லரை இயக்குபவர் நடுவயதுக்காரர். எல்லோரும் அவரை 'ஆவியண்ணன்' என்பார்கள். "எல்லாரும் செத்தப்புறம்தான் ஆவி ஆவாங்க மேடம், நான் உயிரோடயே ஆயிட்டேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

"பாய்லர யாராவது தெரிஞ்ச ஆள வச்சுப் பாக்குறியாடா?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"அதெல்லாம் பாத்துக்கலாம்க்கா. இந்த வேலை முடியட்டும்."

இரண்டாம் பகுதியை அவள் மறக்கவில்லை. கோப்பை நிதித்துறைக்கு அனுப்புவாள். வண்டி சொந்தமா வாடகையா என்று கேட்டுத் திரும்பி வரும். பதில் எழுதுவாள். ஓட்டுநர் எந்தப் பிரிவில் வருவார் என்று கேட்டு மறுபடி வரும். இப்படியே ஒரு வருடம் ஓடிப்போயிற்று.

ஒரு திங்கட்கிழமை காலை கூட்டத்தில் இருந்தபோது போன் வந்தது. பாய்லர் வெடித்துவிட்டது. ஷெட்டின் கூரை பக்கத்துத் தெருவில் கிடந்தது. ஆவியண்ணன் அங்கேயே இறந்துவிட்டார். தம்பிக்கு இரண்டு கையும் கழுத்தும் வெந்துபோயிருந்தன.

மருத்துவமனையில், அவனே வெளுத்துக் கொடுத்த விரிப்பின்மேல் அவன் கிடந்தான். அறையில் அம்மாவும் அவளும் மட்டும் இருந்தார்கள்.

"சேஃப்டி வால்வு கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சுக்கா" என்றான். "ஆவி நிக்கல, துணி காயல. வால்வக் கம்பியால இறுக்கிக் கட்டச் சொன்னேன். அண்ணன் வேணாம்னாரு. நான்தான் ஒருநாள் தாங்கும், கட்டுங்கன்னு சத்தம் போட்டேன்."

அம்மா எழுந்து கதவைச் சாத்தினாள்.

"இத நீ வெளிய சொல்லாத. இவன் எங்கயும் சொல்லமாட்டான். நீயும் சொல்லாத. செத்தவர் திரும்பி வரப்போறதில்ல."

விசாரணைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை நியமித்தார்கள். கட்டியிருந்த கம்பி இடிபாட்டில் கிடைத்திருந்தது. கட்டியது யார் என்ற கேள்விக்குத் தம்பி, "எனக்குத் தெரியாம அவராவே கட்டியிருக்கணும்" என்று வாக்குமூலம் கொடுத்தான். செயலாளருக்கும் அது வசதியாக இருந்தது. தொழிலாளியின் அஜாக்கிரதை என்றால் யாருக்கும் வம்பில்லை.

அவள் சாட்சி சொல்லப் போன அன்று, தாழ்வாரத்தில் ஆவியண்ணனின் மனைவி நின்றிருந்தாள்.

"வீட்டு அடுப்பக்கூட ரெண்டு தடவ மூடிப் பாத்துட்டுத்தான் படுப்பாரு மேடம். அவரு போய்க் கட்டியிருப்பாரா? நீங்களே சொல்லுங்க."

உள்ளே போனாள். நீதிபதி கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எழுந்திருக்கச் சொன்னபோது எழுந்திருக்கவில்லை.

"இன்னும் ஒண்ணு சொல்லணும் சார். கம்பி கட்டச் சொன்னது என் தம்பி. என்கிட்டயே சொன்னான். இறந்தவர் வேணாம்னு தடுத்திருக்கார்." தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "ஆய்வ எடுத்தது தப்பில்ல. அது ஆய்வே இல்ல. ஆனா அதுக்குப் பதிலா வரவேண்டியது வரல. வராதுன்னு தெரிஞ்சும் நான் சரின்னு சொன்னேன்."

வெளியே வந்தபோது அந்தப் பெண் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டிருந்தது.

"அவரு பேரக் காப்பாத்திட்டீங்க. அதுக்குக் கும்பிடுறேன்" என்றாள். கையெடுக்கவில்லை. "ஆனா வந்து பாக்க ஒரு ஆளு இருந்திருந்தா, இன்னைக்கு அவரு வேலைக்குப் போயிருப்பாரு இல்ல?"

"ஆமாம்மா" என்றாள் அவள். "போயிருப்பார்."

வழக்கு நடந்து தம்பிக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. நீதிபதியின் அறிக்கை, பொறியாளர் குழுவை உடனே அமைக்கவேண்டும் என்று விளக்கமாகச் சொன்னது. மேலிடத்தில் அதில் ஒரே வரியைத்தான் படித்தார்கள். ஆய்வு நடக்காததால் விபத்து. பழைய முறையே திரும்ப வந்தது, பழைய ஆய்வாளர்களோடு. புதிதாகத் திறந்த பட்டறைகளில் பாதி, சீல் வைக்கப்பட்டோ பயத்திலோ மூடிக்கொண்டன. ரொட்டிக்கூடக்காரர் அவளைத் தெருவில் பார்த்தும் பார்க்காததுபோல் போனார். செயலாளர் இன்னும் பெரிய துறைக்கு உயர்ந்தார். அவளை எழுதுபொருள் கிடங்குக்கு மாற்றினார்கள். பகலிலும் விளக்கு எரியும் அறை அது. காகிதக் கட்டுகளைத் தவிரப் பேச்சுத்துணை இல்லை. யாரும் கிண்டல் செய்வதும் இல்லை.

வீட்டில் அம்மா அவளோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்து மூடி வைப்பாள், அவள் வந்ததும் எழுந்து உள்ளே போய்விடுவாள். "என்னம்மா, ஒரு வார்த்தை திட்டவாவது செய்யேன்" என்று ஒருநாள் அவள் கெஞ்சினாள். அம்மா குழாயை வேகமாகத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சிறைக்குப் போவாள். முதல் தடவை போனபோது, ஜன்னலுக்குப் பின்னாலிருந்த காவலர் கேட்டார்:

"என்ன உறவு?"

"அக்கா."

அவர் உள்ளே போய்த் திரும்பி வந்தார். "அக்கான்னு சொன்னேன். பாக்கமாட்டேன்னு சொல்றாரும்மா."

"கை எப்படி இருக்கு? விரல மடக்க முடியுதா?"

"அத நான் கவனிக்கலையே" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அவள் உடனே கிளம்பவில்லை. குழந்தைகளோடு வந்தவர்கள் கம்பி வலைக்கு இந்தப்பக்கம் நின்று, ஒரே நேரத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்வை நேரம் முடிந்ததாக மணி அடிக்கும்வரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள். அடுத்த வாரமும் போனாள்.