ஈதோம் யாருடைய நாய்

பசிலிசாவிடம் பதினோரு நாட்டுக் கோழிகள் இருந்தன. இருட்டினால் பலாமரத்தில் ஏறி அடைந்துவிடும். ஆபத்தெல்லாம் பகலில்தான். போஹோல் தீவின் கடலோரத்தில் இருந்த அந்த ஊரில் நாயைக் கட்டிப்போடும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

முதலில் மூன்று குஞ்சுகள் போயின. அடுத்து, வாழையடியில் அடைகாத்த வெள்ளைப் பெட்டை. இறகுதான் மிஞ்சியது. பசிலிசா மூங்கில் வேலி போட்டாள்; நாய்கள் அடியில் குழி பறித்து நுழைந்தன. அவள் கணவன் நார்தோ பழைய கூரைத் தகரங்களைக் கொண்டுவந்து, வேலியடியில் ஒரு முழ ஆழத்துக்குப் புதைத்தான். அதோடு பறிப்பது நின்றது. ஆனால் வேலியின் படல்கதவு இடுப்பளவு உயரம்தான்; நாய் தாண்டிவிடும்.

ஒருநாள் காலையில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது வேலிக்குள்ளே கோழிகள் முட்டையிடும் தகரக் கூண்டில் அலறல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கறுப்பு நாய் ஒன்று செம்பெட்டையின் கழுத்தைக் கவ்வியபடி நின்றது. வெளியே நின்றபடியே கூண்டுக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள்.

அது ஈதோம். பக்கத்து வீட்டுக் கிறிஸ்புலோவின் நாய். கிறிஸ்புலோ அவளுடைய மூத்த மகளுக்கு ஞானத்தந்தை. அந்த உறவில் அவனை அவள் ‘கும்பாரே’ என்பாள், அவன் ‘குமாரே’ என்பான்.

சத்தம் கேட்டு நாலு பேர் கூடினார்கள். மீன்காரன் ஒருவன், “மீன் தலையில மருந்து தடவிப் போடுங்க. ஒரே நாள்ல எல்லாம் அடங்கிரும்” என்றான்.

“நாய் என்ன செய்யும், வளக்கிறவன் சரியா இருந்தா?” என்று சொல்லிவிட்டுப் பசிலிசா கிறிஸ்புலோவைக் கூப்பிட்டனுப்பினாள்.

அவன் வந்து கூண்டைப் பார்த்தான். செத்த கோழியைப் பார்த்தான். சுற்றி நின்றவர்களையும் பார்த்தான்.

“இது என் நாய் இல்ல, குமாரே.”

உள்ளே ஈதோம் அவனைக் கண்டதும் வாலால் தகரத்தை டம்டம்மென்று அடித்தது. யாரோ சிரித்தார்கள்.

“அது உங்களைத் தெரியும்ங்குதே, கும்பாரே.”

“கறுப்பு நாய் ஊர்ல எத்தனையோ இருக்கு.”

“சரி. அப்ப யாரோடதும் இல்ல. நானே வச்சுக்கறேன்.”

கோழி போனது கூட அவளுக்குப் பெரிதாக இல்லை. இருபது வருஷப் பழக்கத்தில் அவன் அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. செம்பெட்டையைப் பப்பாளிக்காய் போட்டுக் குழம்பு வைத்தாள். எலும்பை ஈதோமுக்கு வைக்கவில்லை. பலாமரத்தில் கட்டி, சோறு மட்டும் போட்டாள்.

ஐந்தாம் நாள் கிறிஸ்புலோவின் மனைவி அவுரேலியா இரண்டு இளம்பெட்டைகளைக் காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“ராத்திரியெல்லாம் அது ஊளையிடுது. இவரு தூங்கறதே இல்ல. எடுத்துக்கிட்டு அதை விட்டுருங்க.”

“யாரு நாய்க்கு இந்தக் கோழி?”

அவுரேலியா கோழிகளோடு திரும்பிப் போனாள்.

மறுநாள் விடியலில் கிறிஸ்புலோவே வந்தான். கையில் அதே இரண்டு பெட்டைகள். படலுக்கு வெளியே நின்றான்.

“என் நாயைக் கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றான். “அன்னிக்கு அத்தனை பேர் நின்னாங்க. வாய் வரல.”

“வந்துச்சே. இல்லைன்னுதான் வந்துச்சு.”

அவன் கோழிகளை நீட்டினான். அவள் கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்தாள், கோழிகளை வாங்கிக்கொண்டாள். உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அவன் மூங்கிலோடு வந்து, படலைத் தலையளவுக்கு உயர்த்திக் கட்டிக் கொடுத்தான். நார்தோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். பசிலிசா காப்பி கொண்டுவந்து வைத்தாள். குடிக்கும்போது ஆண்கள் இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள்.

ஈதோமை இப்போது அவன் கட்டித்தான் போடுகிறான். மற்ற வீட்டு நாய்கள் இன்னும் வேலியோரம் மோந்துகொண்டு திரிகின்றன. போன வாரம், புதிதாகப் பொரித்தவற்றில் தெருப்பக்கம் மேயப்போன ஒரு குஞ்சைக் காணவில்லை. யார் வீட்டு நாய் என்று தெரியவில்லை. பசிலிசா மீதி ஏழு குஞ்சுகளையும் உள்ளே விரட்டிப் படலைச் சாத்தினாள்.