இறுக்காமல் போட்ட கோடு

எங்கள் சபையில் அழுவதற்கு என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் கூடுகிறோம். பாஸ்டர் "மனந்திரும்புங்கள்" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் நான் முழங்காலில் இருப்பேன். ஞானதிரவியம் அண்ணன் அழுதால் கூட்டமே அழும் என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றக் கைக்குட்டையும் பெரிதாகவே வைத்திருக்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்தைய இந்த லெந்து நோன்புக் காலத்தில் அழுவதற்கு நிஜமாகவே ஒரு காரணம் கிடைத்தது.

ஒரகடத்தில் கார் சீட் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. போல்ட்டை இறுக்கியதும் அதன் தலையில் பெயிண்ட் பேனாவால் கோடு போட வேண்டும். கோடு இருந்தால் இறுக்கியாகிவிட்டது என்று அர்த்தம். எங்கள் நைட் ஷிப்ட்டுக்கு மஞ்சள், அடுத்து வரும் காலை ஷிப்ட்டுக்கு வெள்ளை. நான் கெட்டிக்காரன் அல்லவா, முதலில் எல்லாவற்றுக்கும் கோடு போட்டுவிட்டு, அப்புறம் வரிசையாக இறுக்குவேன். அன்று ஷிப்ட் முடிகிற நேரத்தில் என் பேனா காய்ந்துவிட்டது. காலை ஷிப்ட்டில் என் இடத்தில் நிற்க வேண்டிய இசக்கிதுரை டீ குடிக்கப் போயிருந்தான். அவன் வைத்திருந்த வெள்ளைப் பேனாவை எடுத்துக் கடைசி சீட்டுக்குக் கோடு போட்டேன். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. இறுக்காமலே ஓடிவிட்டேன்.

அன்றைய செக்கிங்கில் அந்த போல்ட் ஆடியது. கோடு வெள்ளை. இசக்கிதுரை கான்ட்ராக்ட் ஆள், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், என் ரூமில்தான் தங்கியிருக்கிறான். மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் சூப்பர்வைசர் பரசுராமன் அவனுடைய ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, "திங்கக்கெழம ஆபீஸ்ல முடிவு சொல்லுவாங்கோ, வூட்டுக்குப் போ" என்றார். நான் பக்கத்தில் நின்று உச்சுக் கொட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சபையில், "ஒரு சகோதரனுக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் ஆண்டவரே!" என்று கதறினேன். பெயர் சொல்லவில்லை. ஆண்டவருக்குத் தெரியாதா என்ன? மனசு லேசாகி, வரும் வழியில் பிரியாணி சாப்பிட்டேன். லெந்துக்காகக் கறி சாப்பிடுவதை விட்டிருப்பது கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது. அதற்கும் ஒரு சிறிய பாவ அறிக்கை செய்துகொண்டேன்.

ரூமில் இசக்கிதுரை பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, நாளைக்கு முடிவு சொல்லுதாங்க. வேல போச்சுன்னா ஊருக்குத்தான் போணும். எனக்காவ ஒரு ஜெபம் பண்ணுங்களேன். நீங்க அழுதா ஒங்க சாமி எறங்கி வந்துரும்னு சொல்லுதாவ."

மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அவன் தலையில் கை வைத்தேன். வாய் பழக்கதோஷத்தில் தானாக ஓடியது. "ஆண்டவரே, குற்றம் செய்தவனை வெளிச்சத்துக்குக் கொண்டு வாரும்!"

"ஆமென்!" என்றான் இசக்கிதுரை, ரூமே அதிர. பிறகு கண்ணைத் திறந்தான். "கண்டிப்பா கொண்டாருவாராண்ணே?"

என் கை அவன் தலையிலேயே இருந்தது. எடுக்கப் பயம், வைத்திருக்க வெட்கம். வாராவாரம் நான் அழுததும் போல்ட்டை இறுக்காமல் போட்ட கோடுதான் என்று அப்போது உறைத்தது.

"நான்தான்டா அது" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சபையே மெச்சிய கண்ணீர், ஒரு சொட்டு வரவில்லை.

அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

"சபையில அழுததெல்லாம் இதுக்குத்தானா?"

"ஆமா."

"அவ்ளோ பேர்ட்ட அழுதிருக்கீங்க. எங்கிட்டல்லா சொல்லிருக்கணும்."

மறுநாள் காலை, கார்டு இல்லாதவனைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பதால், இரண்டு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். நான் கண்ணை மூடி உதட்டை அசைத்தேன்.

"கண்ணத் தொறங்க" என்றான். "ஜெபம் நேத்தே முடிஞ்சிட்டு."

கேட்டில் பரசுராமனிடம் சொன்னேன். "இன்னாய்யா இது? பைபிளும் கையுமா சுத்திகினு கீறே, இத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார். இசக்கிதுரையின் கார்டைக் கொடுத்துவிட்டு என் கார்டை வாங்கிக்கொண்டார். என்னைப் பற்றி ஆபீஸ் முடிவு சொல்லுமாம்.

இசக்கிதுரை திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான். பாதி தூரம் போனவன் திரும்பி வந்தான். பைபிளில் திரும்பி வந்த கெட்ட குமாரனை அப்பா கட்டிக்கொண்டது போல என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று நினைத்துக் கையைக்கூடக் கொஞ்சம் விரித்தேன்.

"இன்னிக்குச் சோறு ஆக்குறது என் மொறை" என்றான். "நீங்கதான் ஆக்கணும். சாம்பாருக்கு உப்பு கம்மியா போடுங்க."

சொல்லிவிட்டு ஷிப்ட்டுக்கு ஓடினான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கைக்குட்டையை ரூமிலேயே விட்டு வந்திருந்தேன். பார்த்தது செக்யூரிட்டி மட்டும்தான், அவரும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்.