வடக்கில் வாங்கித் தெற்கில் கொடுப்பது

லாவோஸ் அணையில் எடுக்கும் மின்சாரத்தைச் சிங்கப்பூர் வாங்குகிறது. ஆனால் அதே மின்சாரம் அங்கே போய்ச் சேருவதில்லை. தாய்லாந்து வழியாக வடக்கு எல்லையில் எவ்வளவு உள்ளே வருகிறதோ, அவ்வளவை மலேசியாவில் நாங்கள் தெற்கு எல்லையில் கொடுக்கிறோம். நடுவில் எல்லாம் கலந்துவிடும். நாளைக்கு எந்த அரைமணி நேரத்துக்கு எவ்வளவு, என்ன விலை என்று முதல் நாளே பட்டியல் போடுவதுதான் ஈப்போவில் எனக்கு வேலை. விலை வெளியே கசியக் கூடாது. அதனால் காலை பத்திலிருந்து பதினொன்று வரை எங்கள் போன்கள் அறைக்கு வெளியே ஒரு பெட்டியில் இருக்கும்.

என் மனைவி ஷர்மினி இறந்து ஏழு மாதம். ஞாயிறு மதியம் பீடோரில் அவள் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது.

அவள் தம்பி தீபன் சிரித்தான். "மச்சான், சிங்கப்பூர் வரைக்கும் கரண்ட் அனுப்புறீங்க. போற வழியில இங்க கொஞ்சம் இறக்கிட்டுப் போகச் சொல்லுங்கலா."

"அன்னைக்கு மாதிரி ஒரு போன் போடுங்க மாப்ள," என்றார் அத்தை.

கரண்ட் போனால் இந்த வீட்டில் யாரும் புகார் எண்ணைக் கூப்பிட மாட்டார்கள். என்னைத்தான் கூப்பிடுவார்கள். கல்யாணமான புதிதில் பெருமைக்கு நானே சொல்லி வைத்தது அது. என் பட்டியலுக்கும் பீடோர் தெருக் கம்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லவில்லை.

இறந்த அன்று காலை ஷர்மினி இங்கே ஆக்ஸிஜன் மெஷினில் இருந்தாள். பத்தேகாலுக்குக் கரண்ட் போனது. கைவசம் இருந்த சிலிண்டர் அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. அத்தை திரும்பத் திரும்ப என்னை அழைத்திருக்கிறார். "அப்பவே ஆபீசுக்குச் சொல்லிட்டேன் அத்தை, அவங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்று பிறகு சொன்னேன். அதை நம்பித்தான் இன்னும் எனக்குச் சோறு போடுகிறார்.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

"அத்தை, அன்னைக்கு நான் யாருக்கும் போன் போடல. என் போன் வெளிய பெட்டியில இருந்துச்சு. பதினொன்னுக்குத்தான் பார்த்தேன்."

தீபன் என்னையே பார்த்தான். அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க எடுக்கல. ஆபீஸ்காரங்களோட பேசிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சேன். அதான் ஆம்புலன்ஸ்கூடக் கூப்பிடல."

அத்தை தன் கையைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ போடப் போனேன் மாப்ள. அவதான் கையப் புடிச்சுக்கிட்டா. 'பேசிட்டு இருப்பாரு, தொந்தரவு பண்ணாதீங்கம்மா'ன்னா."