பேரீச்சம்பழக் கலர்

வட்டிலப்பக் கறை போய்விட்டது. முத்தலிபுக்குப் பயம் பிடித்தது அதன் பிறகுதான். சாய்ந்தமருதுக் கடற்கரை வீதியில் இருக்கும் கலியாண மண்டபத்தின் நட்டநடுவில், தண்ணீர் உறிஞ்சும் மெஷினின் குழாயைப் பிடித்தபடி அவன் குந்தியிருந்தான். போன கிழமைக் கலியாணத்தில் யாரோ ஒரு புண்ணியவான் வட்டிலப்பச் சட்டியை அப்படியே கார்பெட்டில் போட்டுவிட்டான். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் உள்ளே இறங்கி, அதன் மேல் ஊர்ச்செருப்பெல்லாம் நடந்து, கறை கறுத்துக் கல்லாகிக் கிடந்தது. விடியலில் சுபஹுத் தொழுத கையோடு வந்தவன், சுடுதண்ணீர், வினாகிரி, சவர்க்கார நுரை என்று மாறி மாறி மல்லுக்கட்டி அதைக் கிளப்பிவிட்டான். கிளப்பிய இடத்தில் ஒரு சுளகு அகலத்துக்குச் செவ்வரத்தம்பூப் போல ஒரு சிவப்பு வட்டம் வந்து நின்றது. சுற்றிவர மண்டபம் முழுக்க, மேடையிலும்கூட, கார்பெட் பேரீச்சம்பழக் கலர்.

என்ன மருந்தைப் போட்டோம்? போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்த்தான். எல்லாம் சரியான போத்தல்கள்தான். கட்டாரில் பெரிய ஹோட்டலொன்றில் ஏழு வருசம் கார்பெட் கழுவியவன், இப்படி ஒரு கூத்தைக் கண்டதேயில்லை. நிறம் கழன்றால் வெளிறத்தானே வேண்டும்? இது நல்ல இரத்தச் சிவப்பாக அல்லவா இருக்கிறது? பழுப்பிலிருந்து எதையாவது கழித்தால் சிவப்பு வருமா? வரும் போலவும் இருந்தது, வராது போலவும் இருந்தது.

ஊரோடு இருந்து இந்தத் தொழிலைச் செய்வதென்று மெஷினை வாங்கி வைத்த பிறகு கிடைத்த முதல் மண்டபம் இது. இது பிடித்தால் மற்ற மண்டபக்காரர்களும் கூப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் கட்டார்தான். விசா வந்து கிடக்கிறது. போகிறானா இல்லையா என்று இன்றைக்கு மத்தியானம் லுஹருக்கு முன் சொல்லியாக வேண்டும் என்று ஏஜென்சிக்காரர் கெடு வைத்திருந்தார். அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை. இத்தனை வருசத்தில் போனில் ஒருநாளும் சண்டை பிடிக்காத அவனும் மனைவி பஸ்னாவும், அவன் வந்திருந்த இந்தச் சில மாதங்களாகத்தான் மீனாணத்தில் உப்புக் கூடிப்போனதற்கெல்லாம் வாய் நிறையச் சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டையை விட்டுவிட்டு எப்படிப் போவது?

மண்டபத்துக்குச் சொந்தக்காரர் ஸலாஹுதீன் ஹாஜியார் உள்ளே வந்தார். வட்டத்தை ஒருமுறை சுற்றி நடந்தார்.

"தம்பி, கறையக் கழட்டச் சொன்னா நீ கலரயே கழட்டி வச்சிரிக்காய்."

"இல்ல ஹாஜியார். கலர் போற மருந்து ஒண்டும் நான் போடல்ல."

"போடாமத்தான் இப்பிடி ஆகினதா? கொழும்புக்குப் போய் நானே ஆசப்பட்டு எடுத்த கார்பெட் இது. பேரீச்சம்பழக் கலர். எண்ட கார்பெட்ட எனக்குத் தெரியாதா?"

முத்தலிப் குனிந்து வட்டத்தை மறுபடியும் பார்த்தான். வாங்கிய மனுசனே சொல்கிறார். அப்படியானால் கெடுத்தது நான்தான். அல்லாஹ்வே, என்ன செய்து தொலைத்தேன்? பக்கட்டில் போன் நடுங்கியது. எடுத்துப் பார்க்கவில்லை.

மேடையில் இன்றைய கலியாணத்துக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த சோடனைக்காரர் சின்னப்போடி, பக்கத்து ஊரான காரைதீவு ஆள். இவர்கள் கதை எதுவும் தன் கதையில்லை என்பதுபோல அங்கிருந்து குரல் கொடுத்தார்.

"ஹாஜியார், பொண்ணு வீட்டாக்கள் வேற சோபா கொண்டு வாறாங்களாம். இந்தப் பழைய செட்டிய எடுக்கோணும். தம்பி, ஒரு கை புடிங்க."

அந்தத் தேக்குச் செட்டி மண்டபம் திறந்த நாளிலிருந்து இடம் பெயராதது. எத்தனையோ மாப்பிள்ளைமாரும் பெண்களும் அதில்தான் இருந்து எழும்பியிருக்கிறார்கள். இருவரும் தம் பிடித்துத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார்கள். அடியில் ஒரு கொண்டை ஊசியும் கொஞ்சம் தூசும் கிடந்தன. தூசுக்குக் கீழே, செட்டியின் அளவுக்கு நாலு மூலையும் வைத்து வெட்டியது போல, செவ்வரத்தம்பூச் சிவப்பு.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். கீழே கிடந்த வட்டத்தைப் பார்த்தார். மேடையில் இருந்த நீள்சதுரத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் வாங்கினது சிவப்பா?"

"அப்பிடித்தான் கிடக்கு" என்றார் சின்னப்போடி.

முத்தலிபுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கட்டாரில் கறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு நாளும் கழுவுவார்கள். அத்தனை வருசமும் அவன் சுத்தமான கார்பெட்டைத்தான் சுத்தம் செய்துகொண்டிருந்திருக்கிறான். ஊத்தை ஏறிய கார்பெட் ஒன்றை இன்றைக்குத்தான் முதன்முதலில் காண்கிறான். நெஞ்சுக்குள் இருந்த கல் இறங்கிப் போனது. ஹாஜியார் இனி மாஷா அல்லாஹ் என்று தோளில் தட்டுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

ஹாஜியார் தட்டவில்லை. சுவருக்குச் சுவர் விரிந்து கிடந்த பேரீச்சம்பழக் கலரை வெறித்துப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"முழுக்கக் கழுவினா எப்ப காயும்?"

"நாளைக்கு, நாளையிண்டைக்கு ஆகும்."

"லுஹரோட சனம் வந்திரும். நடுவழியில இந்த வட்டம் நிண்டா, மத்ததெல்லாம் ஊத்தையெண்டு சின்னப்புள்ளைக்கும் விளங்கிரும்."

"அதுக்கு மேல ஒரு பாய விரிப்பமா?"

"கலியாண ஊட்டில நடுவில பாயக் கண்டா மையத்து கிடக்கிற ஊடெண்டு நினைப்பானுகள்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தம்பி, நீ நல்லாத்தான் செஞ்சிரிக்காய். இல்லெண்டு சொல்லல்ல. இண்டைக்கு மட்டும் இத பழையபடி ஆக்கித் தா. மறுகா இந்த மண்டபம் முழுக்க நீதான் கழுவுற. மத்தாக்களுக்கும் நான் சொல்லுறன்."

"பழையபடி எண்டா?"

"வெறுந்தேத்தண்ணிய நல்லாச் சாயமா ஊத்திப் பாப்பம்."

"முழுப் பூசணிக்காயச் சோத்துக்க மறைக்கிற கததான்" என்று சின்னப்போடி பூவிடம் சொல்வது போலச் சொன்னார்.

சமையல்கட்டிலிருந்து தேயிலைச் சாய ஜக்கை ஹாஜியாரே கொண்டுவந்து கொடுத்தார். முத்தலிப் வட்டத்தின் பக்கத்தில் மறுபடியும் குந்தினான். வெட்கமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. யார்மேல் கோபம் என்றுதான் பிடிபடவில்லை. இதற்காகவா விடியற்காலையிலிருந்து முழங்கால் தேய்ந்தது? போன் திரும்பவும் நடுங்கியது. பஸ்னா. ஸ்பீக்கரில் போட்டுக் கார்பெட்டில் வைத்தான்.

"இஞ்சேருங்க, கறை போயிட்டா?"

"போயிட்டு."

"அல்ஹம்துலில்லாஹ். ஏஜென்சிக்காரர் இஞ்சயும் போன் எடுத்துட்டார். அப்ப, நீங்க போகல்ல எண்டு சொல்லிரட்டா?"

"கொஞ்சம் பொறு புள்ள."

ஜக்கைச் சரித்தான். கடுஞ்சாயம் வட்டத்தில் விழுந்து, சேம்பிலைத் தண்ணீரைப் போல உருண்டு, உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது. இன்னும் ஊற்றினான். வழிந்து ஓரத்து ஊத்தையில் போய்ச் சுவறியதே தவிர, சிவப்பு சிவப்பாகவே கிடந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தித் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அது இன்னும் பளிச்சென்று ஆகியது. ஹாஜியார் குனிந்து பார்த்தார். வாசலில் முதல் வேன் வந்து ஹோர்ன் அடித்தது.

முத்தலிப் கையைத் திருப்பிப் பார்த்தான். விரல் ரேகையெல்லாம் சாயம் ஏறி உள்ளங்கை முழுக்கப் பேரீச்சம்பழக் கலராக இருந்தது. அந்தக் கையால் போனை எடுக்க முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சேருங்க" என்றது கார்பெட்டிலிருந்து பஸ்னாவின் குரல். "சொல்லட்டா?"