கேட்காமல் துவைத்தவர்கள்

கிட்ட வந்து உட்கார் கண்ணு. இன்னும் கொஞ்சம். உனக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். உரக்கச் சொல்லத்தான் மனசு வராது. சிரிக்கிற இடம் கொஞ்சம்தான் வரும். அழுகை வந்தால் அழு, நான் நிறுத்திக் காத்திருப்பேன்.

ஒரு புருஷனும் பெண்சாதியும் சலவைக்கடை வைத்திருந்தார்கள். முன்னால் துணி வாங்கும் மேசை, பின்னால் இரண்டு பெரிய இயந்திரங்கள், மாடியில் குடித்தனம். கறை எடுப்பது அவர் வேலை. இஸ்திரியும் மடிப்பும் அவள் வேலை. அந்தக் கடையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. என்ன கறை என்று கேட்கலாம், எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. அதற்காகவே நாலு தெரு தாண்டி வந்து துணி போடுகிறவர்கள் இருந்தார்கள்.

"இந்தச் சட்டை மட்டும் வாய் திறந்துச்சுன்னா ஒரு குடும்பமே ரெண்டாயிரும்," என்பாள் அவள், காலரில் ஒட்டிய உதட்டுச் சாயத்தைக் காட்டி.

"அதுக்குத்தான் சட்டைக்கு வாய் வெக்காம தெச்சிருக்கான். உனக்கும் அந்தத் தையல்காரனைப் பாத்திருக்கலாம்," என்பார் அவர்.

அவர்களுக்கு ஒரே மகள். பிறந்தபோது கொழுகொழுவென்று இருந்ததால் உருண்டை என்று கூப்பிட்டார்கள். பதினாறு வயதில் அந்தப் பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். பாதிச் சோறு அப்படியே திரும்பி வரும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். வளர்கிற பெண் அப்படித்தான் இருப்பாள் என்று இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு நாள் அவளுடைய பள்ளிச் சட்டையை எடுத்த அம்மா, கைப்பகுதியின் உள்பக்கத்தில் ரத்தக் கறையைப் பார்த்தாள். சின்னச் சின்னதாக, ஆனால் ஒன்றிரண்டல்ல. அவளுக்குப் புரியாமல் இல்லை கண்ணு. மகளே தன் கையைக் கீறிக்கொள்கிறாள் என்று நன்றாகவே புரிந்தது. ஆனால் அவளுடையது வேலை பழகிய கை. குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போட்டு, கசக்கி, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மகளின் அலமாரியில் வைத்துவிட்டது. புருஷனிடம் சொன்னால் மனுஷன் உடைந்துபோவார் என்று நினைத்தாள். மகளிடம் கேட்டால் இன்னும் ஒதுங்கிவிடுவாள் என்று பயந்தாள். அடுத்த வாரமும் கறை வந்தது. அடுத்த வாரமும் மடித்து வைத்தாள்.

இரண்டு மாதம் போனபின் வகுப்பு டீச்சர் போன் செய்தாள். "அவ கையைப் பாத்தேம்மா. நீங்களும் அப்பாவும் சேந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. திட்டிராதீங்க." பிள்ளைகளின் மனசைப் பார்க்கும் டாக்டர் ஒருவரின் முகவரியையும் கொடுத்தாள்.

எப்படியோ அம்மாவின் நாத்தனார் காதுக்கு விஷயம் போய், அவளும் போன் செய்தாள். "அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போறீங்க? நாளைக்கு யார் பொண்ணு எடுப்பா?"

"எடுக்கறதுக்கு முதல்ல பொண்ணு இருக்கணும் அண்ணி," என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

டாக்டர் முதலில் மகளிடம் தனியாகப் பேசினார். பிறகு அவளை வெளியே உட்கார வைத்துவிட்டு இவர்களைக் கூப்பிட்டார். "முதல்ல எப்பப் பாத்தீங்க?"

"ரெண்டு மாசம் முன்னாடி," என்றாள் அம்மா.

"அஞ்சு மாசம்," என்றார் அப்பா, அதே மூச்சில்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "துணி பிரிக்கறப்ப என் கண்ணுலதான் முதல்ல படும். கறையை நானே எடுத்துருவேன். நீ தாங்க மாட்டேன்னு... அப்புறம் அதிகமாயிருச்சு. ஒண்ணு ரெண்டு என் கண்ணுக்குத் தப்பி உங்கிட்ட வந்திருக்கு."

"அவகிட்ட யாராவது கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

இருவருமே கேட்டதில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் இப்படிப்பட்ட பெற்றோர் கூடி உட்கார்வார்கள். டாக்டர் சொல்லி இவர்களும் போனார்கள். ஒரு பஸ் டிரைவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. ஆடும், ஆனா கவுக்காது. இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்றதில்லை, அதை நாமளே வீட்டுல போதுமான அளவு செஞ்சிக்கிறோம்."

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாகணும்னு தோணுதான்னு பொண்ணுகிட்ட நேரா கேக்கச் சொல்றாங்க டாக்டர். கேட்டா நாமளே அந்த நினைப்பைக் குடுத்தமாதிரி ஆயிடாதா?"

"நானும் அப்படித்தாங்க பயந்தேன். கேக்கறதால அந்த நினைப்பு வராதுன்னு டாக்டரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. நான் கேக்கலை." டிரைவர் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார். "பையன் இப்ப இல்லை. புதுசா உங்களை மாதிரி யாராவது வருவாங்க, அதுக்குத்தான் வர்றேன்."

மறுநாள் மகள் பள்ளியிலிருந்து வந்ததும் கடையைச் சாத்திவிட்டு இருவரும் மாடிக்குப் போனார்கள். அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்தார். அம்மாதான் கேட்டாள்.

"உருண்டை, சாகணும்னு தோணுதாடா?"

மகள் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இத்தனை மாசமா துவைச்சுத் துவைச்சு வெச்சீங்க. ஒரு வார்த்தை கேக்கலை. உங்களுக்கு எல்லாம் தெரியும், போனாப் போகட்டும்னு விட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

அப்பா முகத்தைப் பொத்திக்கொண்டார். அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவளைத் தொடாமல், மறுபடியும் கேட்டாள். "தோணுதாடா?"

"ம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்."

அம்மா அங்கிருந்து நகரவில்லை. அப்பாதான் தடுமாறி எழுந்து டாக்டருக்குப் போன் செய்தார். பொழுது சாய்வதற்குள் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உள்ளே கூட்டிப் போனபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று வாரம் அவர்கள் வார்டுக்கு வெளியே நீண்ட நடைக்கூடத்தில் மாறி மாறி உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தாள். குணமாகிவிட்டாள் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு. மாத்திரை உண்டு, வாரம் ஒரு முறை டாக்டர் உண்டு. ஒரு புதன்கூட விடாமல் அவர்கள் அந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறார்கள். தினமும் காலையில் அம்மா கதவைத் தட்டி, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்கிறாள். சில நாள் தலையணை பறந்து வருகிறது. சில நாள் ஒன்றுமே வருவதில்லை. போன வாரம் ஒரு நாள் மகள் தானே கதவைத் திறந்து, "மோசம். இங்கயே இரும்மா," என்றாள்.

அம்மா அன்று முழுக்கக் கடைக்கு இறங்கவில்லை.

உன் வீட்டில் எந்தப் பிள்ளையும் தனியாகத் தவிக்காமல் இருக்கட்டும் கண்ணு. தவித்தால், கேட்கிற வாய் பக்கத்திலேயே இருக்கட்டும். என்ன பதில் வந்தாலும் தாங்குகிற நெஞ்சை உன் வீட்டாருக்குக் கடவுள் கொடுக்கட்டும்.