சிவக்காத குழாய்

சுகுமாரனிடமிருந்து ரத்தம் எடுப்பது இதுதான் கடைசி முறை. அது ரூபினிக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அலோர் ஸ்டாரில் ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தில் அவள் வேலை செய்கிறாள். குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அங்கே வருவார்கள். ரத்தத்தில் மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் அளவைக் கொண்டு, நோய் திரும்புவதை முன்கூட்டியே அறிய முடியுமா என்று இரண்டு ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். ஒருவருக்கு எட்டு முறைதான். செர்டாங்கில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் சுகுமாரனுக்கு இது எட்டாவது முறை.

"அந்த ஆர்.என்.ஏ. என்னதான் பண்ணும் மிஸ்ஸி?" என்று முதல் நாள் கேட்டார்.

"அதுவா எந்தப் புரதமும் செய்யாது. மத்த ஆர்.என்.ஏ. அளவுக்கு மீறிச் செய்யாம அடக்கி வைக்கும்."

"எங்க தோட்டத்துல வேலை வாங்குற மண்டோர் மாதிரி லா. ஒரு குலை வெட்ட மாட்டாரு. எங்கள அதட்டிக்கிட்டே இருப்பாரு."

அன்றிலிருந்து அவள் மாதங்களை மும்மூன்றாக எண்ணத் தொடங்கினாள்.

சென்ற ஆண்டு ஒருமுறை அவருக்கு ரத்தம் எடுத்த வேறொருத்தி ஊசியை வேகமாக இழுத்துவிட்டாள். சிவப்பணுக்கள் உடைந்தன. குழாயைச் சுழற்றிய பின் மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்துபோனது. உடைந்த அணுக்களின் ஆர்.என்.ஏ.வும் அதில் கலந்துவிடுவதால் அளவு பொய்யாகிவிடும். பத்து நாளில் அவரைத் திரும்ப அழைத்தார்கள். ஒரு பை ரம்புத்தான் பழத்தோடு வந்தார். நடைபாதை பெஞ்சில் உரித்துத் தின்றபடி இருவரும் அரை மணி நேரம் பேசினார்கள். ஆய்வில் இருப்பவர்களைச் சொந்த விஷயமாக அழைக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ரூபினிக்கு அந்த அரை மணி நேரம் மட்டுமே மிச்சம்.

இன்று குழாய் அவள் கையில் வெதுவெதுப்பாக இருந்தது. பலமாகக் குலுக்கினால் போதும், இன்னொரு நாள் கிடைத்துவிடும். ஆனால் சிவப்பு மங்கலாக இருந்து யாரும் கவனிக்காமல் விட்டால்? ஒரு பொய்யான எண்ணைச் சுமந்துகொண்டு அவர் செர்டாங் வரை தனியாக ஓட்டிப் போக வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் செய்வதுபோல் குழாயை மெதுவாக எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்தி, சுழலியில் வைத்தாள்.

தொலைவிலிருந்து வருபவர்கள் குழாய் தெளியும்வரை காத்திருப்பது வழக்கம். அவள் வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார்.

"சரியா வந்திருக்கு. நீங்க போகலாம்."

"செவக்கலையா?"

"இல்ல."

அவர் கார் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றார். "நல்லா பாத்தீங்களா மிஸ்ஸி?"

"பாத்தேன்."

"இன்னொரு வாட்டி பாருங்க லா. எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவள் உள்ளே போய்க் குழாயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அது இளமஞ்சளாக, துளி மாசில்லாமல் இருந்தது. கதவுக் கண்ணாடிக்கு அப்பால் அவர் நின்றிருந்தார். ரூபினி குழாயைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.