கால் பார்க்கிற நேர்ஸ்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக எழுதப்படவேண்டிய விஷயமே அல்ல. எங்கள் தமிழ்க் கடை வாசல்களில் இலவசமாக அடுக்கிவைக்கும் வாரப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் பேனாட் அண்ணை, 1998 தை மாதம் என்னைக் கூப்பிட்டு வேலைவாய்ப்புப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே தந்தார்: 'வயோதிபர் இல்லங்களுக்கு வெளியே ஆர்.பி.என். தாதியருக்கு உள்ள வாய்ப்புகள்.'

"எங்கடை பொம்பிளையள் கனபேர் உந்தக் கோர்ஸைப் படிச்சுப்போட்டு நேர்சிங் ஹோமுக்குள்ளையே கிடந்து முறியுதுகள்," என்றார். "வேறை என்னென்ன செய்யலாம் எண்டு பத்துப் பொயின்ற் போட்டு எழுதும். கதை விடாதையும்."

ஆர்.பி.என். என்றால் பெரிய நேர்ஸுக்கு அடுத்த படி. மருந்து கொடுக்கலாம், புண் கட்டலாம், பிறஷர் பார்க்கலாம். பதிவு இருக்கிறது, சோதினை இருக்கிறது. மதிப்பு மட்டும் அரைப்படி குறைவு.

எழுத உட்கார்ந்தேன்.

'கனடாவில் தாதியர் துறையானது பல்வேறு வாய்ப்புகளை' — விட்டுவிட்டேன்.

'ஆர்.பி.என். படித்த ஒருவர் டொக்டரின் கிளினிக்கிலோ, தொழிற்சாலையிலோ, இரத்ததான நிலையத்திலோ' — இதையும் விட்டேன். அந்த இடங்களில் எதிலாவது எங்கள் பெண் ஒருத்தி போய் நின்று பார்த்தாளா என்பது எனக்குத் தெரியாது. தெரியாமல் பத்துப் பொயின்ற் போடுவது பொய். ஆளைத் தேடினேன். மூன்று பேரைக் கேட்டு, நாலாவது ஆள் மூலம் யோகமலரின் தொலைபேசி எண் கிடைத்தது.

2

யோகமலருக்கு நாற்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து 1987இல் வந்தவர். வந்தவள்.

(இங்கே ஒரு சிக்கல். கட்டுரை என்றால் 'அவர்', கதை என்றால் 'அவள்'. இரண்டு நாள் யோசித்தேன். 'அவர்' என்று எழுதினால் பக்கத்தில் போய் நிற்க முடியவில்லை; மேடையில் இருப்பவரைப் பார்ப்பதுபோல இருக்கிறது. 'அவள்' என்றே வைத்துக்கொள்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டேன்.)

ஸ்காபரோவில் ஒரு வயோதிபர் இல்லத்தில் ஐந்து வருடத்துக்கு மேல் பின்னேர வேலை பார்த்தவள். முப்பத்திரண்டு பேருக்கு ஒருத்தி. மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நடக்கவேண்டும். என் முதல் வரைவில் அந்த இடத்தை இருட்டாகவும் மூத்திர மணத்தோடும் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது அவள் மறித்தாள்.

"அப்பிடி இல்லை அண்ணை. துப்புரவான இடம். சூப்புக்கூட நேரத்துக்கு வரும்."

"அப்ப ஏன் வெளிக்கிட்டனீங்கள்?"

"ஒரு ஆளோடையும் ஒரு கதையை முழுசாக் கேட்டு முடிக்கேலாது."

ஒரு வெள்ளைக்காரக் கிழவி தன் கலியாண நாளைப் பற்றி ஏழு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம். மாப்பிள்ளையின் கார் வழியில் பழுதாகி நின்ற இடம்வரை கதை வந்தது. அதற்குள் கிழவி செத்துப்போனாள். அவன் நேரத்துக்கு வந்து சேர்ந்தானா என்பது யோகமலருக்கு இன்றுவரை தெரியாது.

1996இல் வேறு வேலை தேடத் தொடங்கினாள். முதலில் ஆஸ்பத்திரிகள். அந்த வருடம் மாகாணம் முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டில்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், இருக்கிற ஆர்.பி.என்.களையே வீட்டுக்கு அனுப்பினார்கள். விண்ணப்பத்தை வாங்கிய பெண், வாங்கும்போதே பரிதாபமாகப் பார்த்தாள். பிறகு அஜின்கோர்ட்டில் ஒரு டொக்டரின் கிளினிக். அவருக்குத் தேவைப்பட்டது தமிழில் ரெலிபோன் எடுக்க ஒரு ஆள். மூன்று சனிக்கிழமை போனாள். மூன்றாவது சனிக்கிழமை ஒரேயொரு ஆளுக்குப் பிறஷர் பார்த்தாள். நாலாவது சனிக்கிழமை போகவில்லை. மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் முதலுதவி அறைக்கு நேர்ஸ் கேட்டிருந்தார்கள். நேர்முகத்தில் அவளைப் பிடித்தும்விட்டது. ஆனால் போக மூன்று பஸ், இரண்டரை மணித்தியாலம். கார் ஓட்டுகிற சோதினையில் அவள் இரண்டு தரம் தவறியிருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் இல்லத்துக்குக் கால் பார்க்கிற நேர்ஸ் ஒருத்தி வந்தாள். ஆறு கிழமைக்கு ஒருதரம் வருகிறவள்; யோகமலரின் வேலை நேரத்தில் வந்தது அன்றுதான் முதல்தரம். ஜமேக்காக்காரி. ஒரு நீலப் பெட்டி, ஒரு கட்டை ஸ்டூல். கிழவர் ஒருவரின் பாதத்தை மடியில் துவாயை விரித்து வைத்துக்கொண்டு நகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிந்தாள். கிழவர் இராணுவத்தில் இருந்த காலத்தைச் சொன்னார். அவள் கேட்டாள். கதை முடிந்தபிறகுதான் மற்றக் காலை எடுத்தாள்.

அந்தக் கட்டிடத்துக்குள், உட்கார்ந்துகொண்டு வேலை செய்கிற ஒரு நேர்ஸை யோகமலர் ஐந்து வருடத்தில் அன்றுதான் கண்டாள். நடைபாதையில் மறித்து விசாரித்தாள். ஜமேக்காக்காரியும் ஓர் ஆர்.பி.என்.

"ஆருக்கு வேலை செய்யிறீர்?"

"எனக்கு," என்றாளாம் அவள்.

3

அந்த இலையுதிர்காலம் ஒரு கொலிஜில் சனிக்கிழமைகளில் பாதப் பராமரிப்புப் படித்தாள். யோகமலரின் கணவர் இராஜரட்ணம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறவர். கெட்ட மனிதர் அல்ல. சனிக்கிழமைகளில் சமைத்து வைத்தார். ஆனால் என்ன படிப்பு என்று விளங்கிய அன்று கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்ப ஆற்றையேன் கால் நகம் வெட்டப்போறீர்."

"நகம் மட்டுமில்லை. காய்ப்பு, புண், இரத்தோட்டம் எல்லாம் பார்க்கவேணும்."

"ஊரிலை உந்த வேலைக்கு ஆர் வீட்டுக்கு வாறவை எண்டு தெரியும்தானே."

"தெரியும். இஞ்சை அதுக்குப் படிச்சுச் சோதினை எழுதவேணும்," என்றாள் அவள்.

இராஜரட்ணம் அந்த வேலைக்கு வருகிற சாதியின் பெயரைச் சொல்லவில்லை. நானும் எழுதவில்லை. எழுதாமலே உங்களுக்கு விளங்கிவிட்டதே, எங்கள் வருத்தம் அதுதான்.

சோதினையில் நல்ல புள்ளி. 1997 தையில் கையாலேயே விளம்பரம் எழுதினாள்: 'நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாதப் பராமரிப்பு. பதிவுபெற்ற தாதி உங்கள் வீட்டுக்கு வருவார்.' அடியில் தொலைபேசி எண்ணைப் பத்துத் தரம் எழுதி, கிழித்தெடுக்கும்படி கத்தரித்துவிட்டாள். அஜின்கோர்ட்டிலும் மோர்னிங்சைட்டிலும் ஏழு கடைகளில் ஒட்டினாள். மூன்று கிழமை ஒரு துண்டுகூடக் கிழியவில்லை. கடைசியில் ஒரு கடையில், யாரும் பாராத நேரம், மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டுப்போகட்டும் என்று தானே ஒரு துண்டைக் கிழித்தாள்.

(இதை எழுதவேண்டாம் என்று கேட்டாள். பிறகு, "சரி, எழுதுங்கோ," என்றாள்.)

4

முதலில் கூப்பிட்டது வேரோனிக்கா. விமான நிலையத்தில் வேலை செய்கிறவள்.

"அப்பா நொண்டுறார், அக்கா. கேட்டால் சப்பாத்துப் பிழை எண்டுறார். சொக்ஸைக் கழட்டமாட்டாராம்."

அப்பா அமிர்தநாதர். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், பதினைந்து வருட நீரிழிவு. மோர்னிங்சைட்டில் மகளோடு ஒன்பதாம் மாடியில் இருந்தார். முதல்நாள் யோகமலருக்குத் தானே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். தந்திக் காலத்தைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைத்தார். காலை மட்டும் கதிரைக்குக் கீழே இழுத்துவைத்திருந்தார்.

"நீர் சின்னப் பிள்ளை. என்ரை காலை உம்மைத் தொடவிட்டால் எனக்குத்தான் பாவம்."

இரண்டாம் தரமும் அதே தேத்தண்ணி. அதே கால்.

மூன்றாம் தரம் போனது மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை. கதவு திறந்ததும் மணத்தது. லேசான இனிப்பு மணம். வேறு யாரும் பழைய பழம் என்று நினைத்திருப்பார்கள். யோகமலர் ஐந்து வருடமாகக் கட்டுத்துணி மாற்றியவள். அது என்னவென்று அவளுடைய மூக்குக்குத் தெரியும். தேத்தண்ணி வேண்டாம் என்றாள்.

"ஐயா, இண்டைக்கு நான் உங்கடை காலைக் கேட்கேல்லை. வலதுகால் சொக்ஸை மட்டும் தாங்கோ."

"சொக்ஸோ? என்னத்துக்கு?"

"பார்த்துப்போட்டுத் தாறன்."

கேட்டது காலை அல்ல, சொக்ஸைத்தானே. குனிந்து, மெதுவாகக் கழற்றிக் கொடுத்தார். அவள் அதை உட்புறம் வெளியே வரப் புரட்டி அவர் முன்னால் பிடித்தாள். சின்னவிரல் இருக்கும் இடத்தில் மஞ்சளும் கபிலமுமாய் ஒரு கறை, ஒரு சத நாணயக் குற்றியளவு. அமிர்தநாதர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். முகவரி தெளிவில்லாத கடிதத்தைப் பார்க்கிறமாதிரி என்று எழுதலாம், மிகைதான், இருக்கட்டும்.

"எனக்கு நோகேல்லையே, பிள்ளை."

"அதுதான் எனக்குப் பயம்."

அவர் காலை வெளியே நீட்டினார்.

அவள் நிலத்தில் உட்கார்ந்து துவாயை விரித்தாள். தூண்டில் நரம்புபோன்ற ஒரு நைலோன் இழையை எடுத்தாள். தோலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. "கண்ணை மூடுங்கோ, ஐயா. நான் தொடுற நேரம் ஓம் எண்டு சொல்லுங்கோ."

பெருவிரல். அடுத்த விரல். உள்ளங்கால். குதி. ஒவ்வோர் இடமாக இழை வளையும்வரை அழுத்தினாள். அமிர்தநாதர் கண்ணை மூடியபடி காத்திருந்தார்.

"எப்ப பிள்ளை தொடப்போறீர்?" என்று கேட்டார்.

அவள் பத்து இடத்திலும் தொட்டு முடித்திருந்தாள்.

5

அவருக்கு அதைச் சொன்னாள். ஒளிக்காமல் சொன்னாள். சின்னவிரலுக்கு அடியில் புண் ஆழமாகப் போயிருந்தது; சிவப்பு புறங்காலில் ஏறியிருந்தது. சிவப்பின் எல்லையில் பேனையால் ஒரு கோடு கீறி, பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள். பார்க்கிற டொக்டருக்கு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று தெரியவேண்டும். தான் இதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

குடும்ப டொக்டரின் கிளினிக்குக்கு ரெலிபோன் அடித்தாள். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். "இல்லை. நான் ஒரு நேர்ஸ் கதைக்கிறன். டொக்டரைக் கூப்பிடுங்கோ, நான் வைக்கமாட்டன்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் பிடித்துக்கொண்டே நின்றாள். டொக்டர் வந்தார், கேட்டார், உடனே எமேர்ஜென்சிக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

"போனால் காலை வெட்டிப்போடுவாங்கள்," என்றார் அமிர்தநாதர். "நாளைக்கு மகளோடை போறன்."

"நாளைக்குப் போனால்தான் வெட்டுவினம்."

அவர் சன்னலைப் பார்த்தார். "நீர் கூட வாறதெண்டால் வாறன்."

இங்கேதான் கதை முடிச்சுப் போடுகிறது. அன்றைக்கு மூன்று மணிக்கு யோகமலருக்கு வேலை. ஐந்து வருடமாகக் காத்திருந்த பகல்நேர நிரந்தர இடம் ஒன்று இல்லத்தில் காலியாகியிருந்தது. அடுத்தநாள் வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள். மேற்பார்வைத் தாதி, "உனக்குத்தான். ஒரு நாள்கூடத் தவறவிடாதே," என்று சொல்லியிருந்தாள். வேரோனிக்கா நகரத்தின் மற்ற அந்தத்தில், ஆறு மணிவரை வேலையில்.

பதினொன்றரைக்கு இல்லத்துக்கு அடித்து, வரமுடியாது என்றாள்.

என் வரைவில் மேற்பார்வைத் தாதியைக் கத்தவிட்டிருந்தேன். யோகமலர் அதையும் வெட்டச் சொன்னாள். "அவ கத்தேல்லை. பாவம், அவவுக்கும் ஆக்கள் காணாது. பெருமூச்சு விட்டா. இண்டைக்கு வராட்டி நாளைக்கு உனக்காக ஒண்டும் கதைக்கேலாது எண்டா. நான் ஓம் எண்டன்."

"யோசிக்கேல்லையோ?"

"கோடு கீறிப்போட்டன்தானே, அண்ணை. பிறகென்ன யோசிக்கிறது."

ராக்சியில் அமிர்தநாதரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டார்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) கால் தப்புகிறது. அமிர்தநாதர் கண்ணீரோடு நன்றி சொல்கிறார். பகல்நேர வேலையும் யோகமலருக்கே கிடைக்கிறது. பேனாட் அண்ணைக்கு இது பிடிக்கும்.

(ஆ) காலும் போகிறது, வேலையும் போகிறது. யோகமலர் பனிக்குள் தனியே நடக்கிறாள். இது எனக்குப் பிடித்திருந்தது. எழுத்தாளன் என்றால் இப்படித்தான் முடிக்கவேண்டும் என்று எங்கோ பழகியிருக்கிறேன்.

இரண்டையும் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"ஏன் அண்ணை, நடந்ததை எழுதேலாதோ?" என்று கேட்டாள்.

நடந்தது இதுதான். இரண்டு விரல் போயிற்று. பாதம் தப்பியது. பதினொரு நாள் ஆஸ்பத்திரி. பகல்நேர இடம் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்திக்குப் போனது; கெட்டிக்காரி என்று யோகமலரே சொன்னாள். யோகமலர் பின்னேர வேலையைத் தொடர்ந்தாள், ஒரு மாதம் கோபமாகவும் இருந்தாள். யாரில் கோபம் என்று கேட்டேன். "எல்லாரிலையும்," என்றாள். அமிர்தநாதர் தன் காலைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனால் வேரோனிக்கா வேலையிடத்தில் சொன்னாள். சித்திரையில் நாலு பேர் கூப்பிட்டார்கள். ஆடிக்குள் பத்தொன்பது பேர்.

ஒருநாள் கால் பார்க்கப் போய்வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே இராஜரட்ணத்தின் குரல் கேட்டது. ரெலிபோனில் நின்றார். "ஓம், கால் பார்க்கிற நேர்ஸின்ரை வீடுதான். அவ இப்ப வந்திடுவா. பேரைச் சொல்லுங்கோ, எழுதிவைக்கிறன்." திரும்பி அவளைக் கண்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். யோகமலர் ஐப்பசியில் இல்லத்து வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தாள்.

7

போன செவ்வாய் பெரிய பனி. பஸ் ஓடவில்லை. அஜின்கோர்ட்டில் புதிதாக ஒரு ஆளைப் பார்க்கவேண்டும் என்றாள். என் காரில் கூட்டிக்கொண்டு போனேன். நீலப் பெட்டியை அவளே தூக்கினாள். ஏழாம் மாடிவரை பின்னால் போனேன். நல்ல முடிவு ஒன்று கிடைக்கும் என்ற பேராசைதான்.

கதவடியில் திரும்பி, "நீங்கள் இஞ்சை நில்லுங்கோ," என்றாள். "அமிர்தநாதர் ஐயாவிட்டை நான் கேட்டு, அவர் ஓம் எண்ட பிறகுதான் உங்களுக்குச் சொன்னனான். இவவிட்டை நான் இன்னும் ஒண்டும் கேட்கேல்லை."

ஆகவே இந்தக் கதைக்கு நான் வைத்திருந்த முடிவு உள்ளே இருக்கிறது. நான் நடைபாதையில் நிற்கிறேன். கதவு திறந்தபோது ஒரு வயதான பெண்ணின் குரல் மட்டும் கேட்டது.

"ஆரம்மா உங்களை வரச்சொன்னது? என்ரை காலிலை ஒண்டுமில்லை."

"ஓம் அன்ரி," என்றாள் யோகமலர், சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு அவசரமில்லை. இதிலை இருக்கட்டோ?"

கதவு சாத்திக்கொண்டது. இனி அந்த அன்ரி என்ன சொன்னார் என்று எழுத எனக்கு உரிமையில்லை. உங்களுக்கு வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். ஒன்று மட்டும்: யோகமலரை அவசரப்படுத்திவிடாதீர்கள்.